விண்ணப்பத்தில் ஒரு தம்பி

1

இந்த நாட்டில் கல்லூரிக்கு விண்ணப்பிப்பது என்பது கடைசியில் ஒரு பொத்தானை அழுத்துவதுதான். அழுத்தியதும் திரையில் கலர் கலராகக் காகிதத் துணுக்குகள் பறக்கும். 'வாழ்த்துகள்' என்று வரும். என் மகள் நிவேதா அதை அழுத்திவிட்டு "டன்" என்றாள். ஃபிரிட்ஜைத் திறந்து முந்தின நாள் புளிசாதத்தை எடுத்து மைக்ரோவேவில் வைத்தாள். அவளைப் பொறுத்தவரை விஷயம் முடிந்தது. எனக்கு அன்றைக்குத்தான் ஆரம்பித்தது.

அனுப்பிய விண்ணப்பத்தின் பிரதி ஒன்றை அவள் எனக்கும் மின்னஞ்சலில் அனுப்பியிருந்தாள். 'ஒரு தரம் பாத்துட்டு டெலிட் பண்ணிடும்மா' என்று கூடவே ஒரு வரி. டெலிட் பண்ணுவதாவது! பிரிண்ட் எடுத்து, சமையலறை மேசையில் விரித்து, கண்ணாடியை மாட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன்.

என்னைத் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். என் பெயர் கோமதி, ஊர் ஆம்பூர். ஆம்பூர் என்றதும் பிரியாணியைப் பற்றிக் கேட்காதீர்கள், கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது. நான் அங்கே ஒரு ஷூ கம்பெனியில் ஃபைனல் செக்கிங்கில் இருந்தவள். பெட்டிக்குள் போகும் முன் ஷூவைக் கடைசியாகப் பார்ப்பது நாங்கள்தான். நூல் பிசிறு, பசைக் கறை, இடது காலுக்கும் வலது காலுக்கும் நிறத்தில் இம்மி வித்தியாசம், எதுவானாலும் அந்த இடத்தில் ஒரு குட்டி அம்புக்குறி ஸ்டிக்கரை ஒட்டித் திருப்பி அனுப்புவோம். வேலையை விட்டுப் பல வருஷம் ஆகிவிட்டது. புத்தி மட்டும் விடவில்லை. என் கணவர் பாபு இங்கே விஸ்கான்சின் மாநிலத்தில் ஒரு தோல் தொழிற்சாலையின் சாயப் பிரிவில் இருக்கிறார். "உன் கண்ணுக்கு லீவே கெடையாதா?" என்று அடிக்கடி கேட்பார்.

பிழைகள் வரிசையாகக் கிடைத்தன. பிறந்த இடம் ஆம்பூர், வேலூர் மாவட்டம் என்று இருந்தது. அவள் பிறந்தபோது அது சரி. இப்போது ஆம்பூர் திருப்பத்தூர் மாவட்டம். பாஸ்போர்ட்டில் எது, பிறப்புச் சான்றிதழில் எது, இவள் எதைப் பார்த்து எழுதினாள்? நூலகத்தில் வாரம் மூன்று மணி நேரம் தொண்டு வேலை என்று போட்டிருந்தாள். காரில் கொண்டுபோய் விடுகிறவள் நான், இரண்டரை மணி நேரம்தான். என் தொழில் என்ற இடத்தில் இல்லத்தரசி. பள்ளிக்கூடத்து உணவுக்கூடத்தில் மத்தியானம் வரை நின்று நின்று கால் வீங்கிப் போகிறதே, அது என்ன தொழில்?

"அம்மா, நோபடி கேர்ஸ்" என்றாள், வாயில் புளிசாதத்தோடு.

ஒருத்தருக்கும் கவலை இல்லையாம். எனக்கு இருக்கிறதே!

2

நான்காம் பக்கத்தில் குடும்பம் என்று ஒரு பகுதி. அப்பா, அம்மா விவரம் முடிந்ததும், உடன்பிறந்தவர்கள் எத்தனை பேர் என்று ஒரு கேள்வி. ஒருவர் என்று பதில் இருந்தது.

நான் பெற்றது நிவேதா ஒருத்தியைத்தான். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடியும் படித்தேன். பெயர் அர்ஷத் அகமது. உறவு சகோதரன். வயது பதினேழு. பன்னிரண்டாம் வகுப்பு, ஆம்பூர், இந்தியா.

நிவேதாவுக்கும் வயது பதினேழுதான், அவளும் பன்னிரண்டாம் வகுப்புதான். பிறந்த தேதிகளை வைத்துப் பார்த்தால் இரண்டு பேருக்கும் எட்டு மாதம் வித்தியாசம். எட்டே மாதத்தில் அடுத்த பிள்ளையைப் பெற்றெடுத்த அதிசயப் பெண்மணி என்று கல்லூரி அலுவலகத்தில் என்னைப் பற்றி என்ன நினைப்பார்கள்? அது போகட்டும். உதவித்தொகைக்காக நானும் பாபுவும் தனியாக ஒரு படிவம் நிரப்பியிருந்தோம். அதில் எங்களுக்கு ஒரே பிள்ளை. இந்த நாட்டில் நிரந்தரமாகத் தங்குவதற்குக் கிரீன் கார்டு கேட்டு விண்ணப்பித்தபோதும் ஒரே பிள்ளை என்றுதான் கையெழுத்துப் போட்டிருக்கிறோம். இப்போது திடீரென்று ஒரு பையன் முளைத்தால்?

"நிவி, இங்க வா. இது இன்னாடி?"

"எது?"

"தம்பின்னு அர்ஷத் பேரைப் போட்டிருக்கியே."

"ஆமா."

"இன்னா ஆமா? தப்பு பண்ணிட்டு ஆமாங்கற."

அவள் மேசைக்கு வந்து, நான் விரலை வைத்திருந்த வரியைப் பார்த்தாள். "இது தப்பு இல்லம்மா. மத்ததெல்லாம் தப்பு, ஓகே. இது தப்பு இல்ல. ஹி இஸ் மை பிரதர்."

"கூடப் பொறந்தவனாடி?"

"நீதான சொன்ன?" என்று என் முகத்தைப் பார்த்தாள். "சின்னதுலருந்து நீதான உன் தம்பி உன் தம்பின்னு சொல்லிட்டிருக்க. இப்போ நான் எழுதினா தப்பா?"

பதில் தெரியாதபோது செய்வதைச் செய்தேன், சத்தம் போட்டேன். அவள் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

3

அர்ஷத் யார் என்று நீங்கள் கேட்பதற்குள் சொல்லிவிடுகிறேன்.

ஆம்பூரில் நாங்கள் இருந்தது லைன் வீடு. எங்களுக்கும் பக்கத்து வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர். பக்கத்து வீட்டில் ஷாஹின், அவள் கணவர் ரியாஸ். ரியாஸ் பாய் தோல் மண்டியில் வேலை, பேரணாம்பட்டுக்கும் ஆம்பூருக்கும் அலைந்துகொண்டே இருப்பார். ஷாஹின் வீட்டில் உருது, என்னோடு தமிழ். கோபம் வந்தால் இரண்டும் கலந்து வரும். எனக்கு நிவேதா பிறந்து எட்டாம் மாதம் அவளுக்குப் பையன் பிறந்தான்.

பிறந்த மூன்றாம் நாள் அவளுக்குக் காய்ச்சல் ஏறி ஜன்னி கண்டுவிட்டது. வேலூருக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். பிள்ளையை ரியாஸ் பாயின் தங்கை வைத்துக்கொண்டாள். கல்யாணம் ஆகாத சின்னப் பெண், பாவம், அவளுக்கு என்ன தெரியும்? பாட்டில் பாலை அவன் வாயிலேயே வாங்கவில்லை. பசும்பாலைத் தண்ணீர் ஊற்றிக் காய்ச்சிச் சங்கில் புகட்டினாள். வயிற்றால் போனது. சுவருக்கு இந்தப் பக்கம் நான் நிவேதாவை மடியில் போட்டுக்கொண்டு கேட்டுக்கொண்டிருக்கிறேன். முதலில் வீறிட்டு அழுதான். அப்புறம் சத்தம் குறைந்து பூனைக்குட்டி மாதிரி ஆனது. குறையக் குறைய எனக்குத்தான் பயம் அதிகமானது. பிள்ளை பெற்றவர்களுக்குத் தெரியும், யார் பிள்ளை அழுதாலும் உடம்பு கேட்டுக்கொண்டுதான் இருக்கும். என் ரவிக்கை நனைந்துவிட்டது.

எழுந்து போனேன். யாரையும் கேட்கவில்லை. அந்தப் பெண் கையிலிருந்து பிள்ளையை வாங்கி, சுவர் பக்கம் திரும்பி உட்கார்ந்து பால் கொடுத்தேன். கொஞ்ச நேரம் தேடினான். அப்புறம் பிடித்துக்கொண்டான். அவன் உடம்பு அனலாகக் கொதித்தது, உள்ளங்கால் மட்டும் சில்லென்று இருந்தது. அந்தப் பெண் வாசற்படியில் உட்கார்ந்து முந்தானையில் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள்.

ஷாஹின் திரும்பி வர ஒரு மாதத்துக்கு மேல் ஆனது. அதுவரைக்கும் இரண்டு பேருக்கும் நான்தான். என் மாமியார், "நம்ம புள்ளைக்குப் பத்துமாடி?" என்று முணுமுணுத்தார். ரியாஸ் பாய் வேலூரிலிருந்து வரும்போதெல்லாம் எனக்குப் பால் ஊற வேண்டும் என்று பால் சுறாவும் பூண்டும் வாங்கி வருவார். பாபு மீனை அவரே கழுவிக் கொடுப்பார்.

ஷாஹின் வந்த வாரத்தில் ரியாஸ் பாய் ஒரு புடவையும் இனிப்பும் எடுத்துக்கொண்டு வந்து பாபுவிடம் சொன்னார். "பாபு பாய், எங்க மார்க்கத்துல பால் குடுத்தவங்க தாய். உங்க பொண்ணு இவனுக்கு அக்கா. இவங்களுக்குள்ள நாளைக்குக் கல்யாணப் பேச்சு வராது, கோஷா, முகம் மறைக்கிறது எதுவும் கெடையாது. கூடப் பொறந்த மாதிரிதான். இது மரியாதைக்குச் சொல்ற பேச்சு இல்ல, சட்டம்."

எங்களுக்கு அது பாசம். அவர்களுக்குச் சட்டம். அர்ஷத் பேச ஆரம்பித்ததும் ஷாஹினை உருதுவில் அம்மி என்றான், என்னை அம்மா என்றான். இரண்டு பிள்ளைகளும் ஒரே தட்டில் சாப்பிட்டு, ஒன்றையொன்று கடித்து வைத்து, ஒன்றாக அம்மை வார்த்து வளர்ந்தார்கள். நிவேதாவுக்கு ஏழு வயது ஆகும்போது பாபுவுக்கு இங்கே வேலை கிடைத்தது. நாங்கள் கிளம்பிய அன்று காட்பாடி ஸ்டேஷனில் அர்ஷத் அவள் கையை விடவே இல்லை. ரியாஸ் பாய்தான் விரல் விரலாகப் பிரித்தெடுத்தார்.

4

நம் ஊரில் காகிதத்தில் தப்பு வந்தால் அதற்கு ஒரு முகம் உண்டு. இ-சேவை மையத்துப் பையன், "விடுங்கக்கா, எடிட் பண்ணிக்கலாம்" என்பான். தாலுக்கா ஆபீஸ் வாசலில் மனு எழுதுகிறவர், "இதுக்கா இவ்ளோ பேஜார்?" என்று ஒரு டீயைக் குடித்துவிட்டு நம் வாழ்க்கைக் கதையையே சுருக்கி அரைப் பக்கத்தில் எழுதிவிடுவார். நாலு நடை நடந்தாலும் ஐந்தாவது நடையில் ஒரு மனிதர் நம்மைப் பார்த்துத் தலையசைப்பார். இங்கே யாரிடம் போவது? அழுத்தினோம், காகிதத் துணுக்குகள் பறந்தன, முடிந்தது. திருத்தம் செய்ய வழி இல்லை என்று எழுதியே இருக்கிறது.

பாபுவிடம் சொன்னேன். கதவருகில் பனிக்காலணியைக் கழற்றிக்கொண்டிருந்தவர் அப்படியே நின்றார்.

"அவன் பேரைப் போட்டாளா?"

"ஆமாங்கறேன்."

அவர் முகத்தில் சிரிப்பு வந்தது. எனக்கு வந்ததே கோபம்! "நான் இங்க பயந்து சாகறேன், உங்களுக்குச் சிரிப்பு வருதா? நாளைக்கு ஒரு புள்ளைய மறைச்சீங்களான்னு எவனாவது வந்து நின்னா?"

"ஒண்ணும் வராது. நீ சும்மா ஊதிப் பெருசாக்காத" என்றார். ஆனால் அன்று சாப்பிடும்போது அவரும் இரண்டு முறை அந்தப் பேச்சை எடுத்தார். இங்கே வந்த எங்களைப் போன்றவர்களுக்கு உள்ளே எப்போதும் ஒரு பயம் உட்கார்ந்திருக்கிறது. ஒரு எழுத்து, ஒரு கட்டம், ஒரு தேதி தவறினால் மூட்டை கட்டச் சொல்லிவிடுவார்களோ என்கிற பயம். எத்தனை வருஷமானாலும் அது போவதில்லை.

நிவேதாவின் பள்ளியில் கல்லூரி ஆலோசகராக டயான் என்று ஒரு அம்மையார் இருக்கிறார். நிவேதாவுக்குத் தெரியாமல் அவருக்குத் தொலைபேசினேன். என் ஆங்கிலத்தில் பால் கொடுத்த கதையைச் சொல்வதற்குள் எனக்கு வியர்த்துவிட்டது. 'நீங்கள் அவனைத் தத்தெடுத்தீர்களா?' என்றார். இல்லை. 'வளர்ப்புத் தாயா?' இல்லை. 'அப்படியானால் குடும்ப நண்பர்' என்று அவரே முடித்துக்கொண்டார். கல்லூரி கேட்டால் விளக்கிக்கொள்ளலாம், கேட்காவிட்டால் விட்டுவிடுங்கள் என்றார். குடும்ப நண்பர் என்ற சொல் எனக்குப் பிடிக்கவில்லை. ஆனால் வேறு சொல்லும் என்னிடம் இல்லை, அதனால் நன்றி சொல்லி வைத்துவிட்டேன்.

ஒன்று சொல்ல வேண்டும். நிவேதா என் கையை விட்டு நழுவிக்கொண்டிருக்கிறாள் என்று நான் வெகுநாளாக நினைத்துக்கொண்டிருந்தேன். நான் தமிழில் கேட்டால் ஆங்கிலத்தில் பதில் வரும். ஊரிலிருந்து வீடியோவில் அழைப்பு வந்தால் எட்டிப் பார்த்து, "நல்லா இருக்கேன், சாப்ட்டேன்" என்று ஒப்பித்துவிட்டு ஓடிவிடுவாள். அதைத் தாண்டி அவள் வாயில் தமிழ் தங்கவில்லை என்றே எண்ணியிருந்தேன். இந்தச் சண்டைக்கு மறுவாரம், துவைத்த துணிகளை எடுத்துக்கொண்டு அவள் அறைப்பக்கம் போனேன். உள்ளே பேச்சுச் சத்தம்.

"டேய், மொதல்ல ஃபார்முலாவ எழுது. இன்னாத்துக்கு இவ்ளோ அவசரம்? ... இன்னாது? பப்ளிக்ல இது வராதா? உங்கிட்ட வந்து சொன்னாங்களா? பேஜார் பண்ணாம எழுதுடா."

ஆம்பூர்த் தமிழ். நான்கூட இங்கே வந்து 'என்ன' என்று பேசப் பழகிக்கொண்டு, கோபம் வந்தால்தான் 'இன்னா'வுக்குப் போகிறேன். இவள் வாயில் அச்சு மாறாமல் அப்படியே இருக்கிறது. அந்தப் பக்கம் அர்ஷத் இயற்பியல் கணக்கில் மாட்டிக்கொண்டு முழிக்கிறான். வாராவாரம் இப்படி நடக்கிறதாம், எனக்குத்தான் தெரியவில்லை. துணிக்கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு அங்கேயே நின்று கேட்டேன். சந்தோஷமாகத்தான் இருந்தது. அந்தச் சந்தோஷத்தோடு அந்தப் பயமும் கூடவே இருந்தது, அதை எங்கே கொண்டுபோய்ப் போடுவது?

5

புது வருஷம் பிறந்து கொஞ்ச நாளில் கல்லூரியிலிருந்து கடிதம் வந்தது. நிவேதா முதல் விருப்பமாகப் போட்டிருந்த கல்லூரி. அவளுக்குப் பிடித்த படிப்பு, வீட்டிலிருந்து இரண்டு மணி நேரத்தில் போய்விடலாம், உதவித்தொகை கிடைத்தால்தான் எங்களால் முடியும். கடிதத்தில் மூன்றே வாக்கியங்கள். விண்ணப்பத்தில் ஒரு சகோதரன் இருக்கிறான். உதவித்தொகைப் படிவத்தில் ஒரே பிள்ளை என்று இருக்கிறது. எது சரி என்று பெற்றோரில் ஒருவர் கையெழுத்திட்டு எழுதி அனுப்ப வேண்டும், அதுவரை உங்கள் கோப்பு நிறுத்தி வைக்கப்படும்.

"சொன்னேனா இல்லையா?" என்று நான் குதித்தேன். "அன்னிக்கே சொன்னேன். நோபடி கேர்ஸாம், நோபடி கேர்ஸ்!"

நிவேதா கடிதத்தைக் கையில் வாங்கிப் படித்தாள். முகம் வெளுத்துவிட்டது. அவளுக்கும் பயம்தான், சின்னப் பெண்தானே. "நான் எழுத மாட்டேம்மா" என்றாள் கடைசியில். "நீ எழுது. உன் இஷ்டம்."

டயானிடம் கேட்டோம். நீளமாக எதையும் விளக்க வேண்டாம், குழப்பும், இரண்டு வாக்கியம் போதும் என்று அவரே எழுதி அனுப்பி வைத்தார். பாபு அதை அச்செடுத்து மேசையில் வைத்தார். தமிழில் சொன்னால் இவ்வளவுதான்: அர்ஷத் அகமது என் பிள்ளை அல்ல. என் மகள் தவறுதலாக அவன் பெயரைச் சேர்த்துவிட்டாள். கீழே ஒரு கோடு. கோட்டுக்குக் கீழே என் பெயர்.

நான் இத்தனை நாளாகக் கேட்டதும் இதைத்தான். பேனாவைத் திறந்தேன், மூடினேன். ஷாஹினிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போடலாம் என்று தோன்றியது. சனிக்கிழமை காலை, அங்கே அவள் இரவுச் சமையலில் இருக்கும் நேரம். அழைத்து முழுவதையும் சொன்னேன். எட்டு மாத விஷயத்தைக் கேட்டதும் அவள் சிரித்த சிரிப்பில் அடுப்பில் எதுவோ பொங்கிவிட்டது.

"அல்லாவே! எட்டு மாசத்துல ரெண்டா? உன்னைப் பாக்க டாக்டருங்க கியூல நிப்பாங்கக்கா!"

நானும் சிரித்தேன். அப்புறம் அந்த இரண்டு வாக்கியத்தைச் சொன்னேன். அவள் சிரிப்பு நின்றது. அடுப்பை அணைக்கும் சத்தம் கேட்டது.

"எழுதிடுக்கா" என்றாள். "இன்னா இப்போ? புள்ள படிப்புக்காவ. நம்பளுக்குத் தெரியாதா?"

"உனக்குக் கஷ்டமா இல்லையா ஷாஹின்?"

"இல்லன்னா பொய்யி. ஆனா நிவிக்கு அந்த சீட் போய்ட்டா எனக்கு அத விட கஷ்டம் ஜாஸ்தி. போட்டுடு கையெழுத்த."

பக்கத்தில் இருந்து அர்ஷத் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறான் போலிருக்கிறது. போனை வாங்கினான். குரல் உடைந்து ஆம்பிளைக் குரலாகிவிட்டது, இன்னும் எனக்குப் பழகவில்லை.

"அம்மா, நீங்க டென்சன் ஆவாதீங்க. என் புள்ள இல்லன்னு எழுதிடுங்க. எனக்கு ஒண்ணும் இல்ல. அக்காகிட்ட நான் சொல்லிக்கிறேன்."

"சரிடா கண்ணு" என்றேன். போனை வைத்துவிட்டு மேசைக்குத் திரும்பினேன்.

6

எல்லோரும் சம்மதித்துவிட்டார்கள். கையெழுத்துப் போடுவதற்கு இனி யாரையும் கேட்க வேண்டியதில்லை. பாபு கடைக்குப் போயிருந்தார். நிவேதா எதிர்நாற்காலியில் காலை மடக்கி உட்கார்ந்து, தாளைப் பார்க்காமல் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் பேனாவைத் தாளில் வைத்தேன்.

அர்ஷத் அகமது என் பிள்ளை அல்ல.

என்னால் முடியவில்லை. ஒரு கையெழுத்துதானே, எத்தனை தாளில் போட்டிருக்கிறேன், வாசிக்காமலேகூடப் போட்டிருக்கிறேன். இது முடியவில்லை. அவன் முதன்முதலாக என் மடியில் கிடந்தபோது சில்லென்று இருந்த அந்த உள்ளங்காலை நான் என் வயிற்றோடு வைத்து அழுத்திக்கொண்டது ஞாபகம் வந்தது. அது சூடு ஏறும்வரை நான் கையை எடுக்கவில்லை. யார் பிள்ளை என்று அன்றைக்கு யாரும் என்னைக் கேட்கவில்லை, நானும் கேட்டுக்கொள்ளவில்லை. இப்போது அவனே, 'இல்லையென்று எழுதிடுங்கம்மா' என்று அம்மா போட்டுச் சொல்கிறான். எனக்கு அழுகை வந்துவிட்டது. நிவேதா ஜன்னலிலிருந்து திரும்பினாள்.

"அம்மா?"

"வேற பேப்பர் குடு."

"எதுக்கு?"

"குடுன்னா குடுடி."

வெள்ளைத் தாளில் என் ஆங்கிலத்தில், என் கையெழுத்திலேயே எழுதினேன். எழுதியதைத் தமிழில் சொல்கிறேன்.

'நான் பெற்றது ஒரு பிள்ளை. பால் கொடுத்தது இரண்டு பிள்ளைகளுக்கு. நீங்கள் உதவித்தொகைப் படிவத்தில் பார்ப்பது பெற்ற பிள்ளையை. அர்ஷத் ஆம்பூரில் அவன் தாய் தந்தையோடு இருக்கிறான், அவன் செலவு எங்கள் குடும்பச் செலவில் சேராது. அவன் பிறந்தபோது அவன் தாய் சாகக் கிடந்தாள், நான் பக்கத்து வீட்டில் இருந்தேன். அவர்கள் சட்டப்படி அதனால் அவன் என் மகன், என் மகளுக்குத் தம்பி. எங்களிடம் அப்படிச் சட்டம் இல்லை, ஆனாலும் அப்படித்தான். என் மகள் தவறாக எதையும் எழுதவில்லை.'

கீழே கையெழுத்துப் போட்டேன். நிவேதாவிடம் நீட்டினேன். அவள் படித்தாள். பிழைகள் இருந்திருக்கும், என் ஆங்கிலம் அப்படி. வழக்கமாகச் சிவப்புப் பேனா இல்லாத குறையாகத் திருத்துகிறவள், ஒன்றையும் தொடவில்லை. எழுந்து வந்து என் தோளில் முகத்தை வைத்துக்கொண்டாள். எவ்வளவோ நாளாயிற்று அவள் அப்படிச் செய்து.

"அம்மா, இதனால சீட் கிடைக்கலன்னா?" என்றாள் கொஞ்ச நேரம் கழித்து.

"கெடைக்கலன்னா அடுத்த காலேஜ். அழுவோம், அப்புறம் அடுத்த காலேஜ்."

"ஷ்யூரா?"

"பயமாத்தான்டி இருக்கு. அனுப்பு."

அவள் அதைப் படம் எடுத்து அனுப்பினாள். இந்த முறை திரையில் எதுவும் பறக்கவில்லை. பாபு வந்ததும் சொன்னேன். மேசையில் இருந்த டயானின் தாளை எடுத்து நாலாக மடித்துக் குப்பைக் கூடையில் போட்டார், வாங்கி வந்த தேங்காயை உடைக்கப் போய்விட்டார். கல்லூரியிலிருந்து இன்னும் பதில் வரவில்லை. எங்கள் தாள் அவளுக்கு நல்லது செய்யுமா கெட்டது செய்யுமா என்று எனக்குத் தெரியாது. நாளுக்குப் பத்து தரம் மின்னஞ்சலைத் திறந்து பார்க்கிறேன், மறைப்பானேன்.

அதை அனுப்பிய மறுநாள், ஞாயிற்றுக்கிழமை காலை, அர்ஷத்தே அழைத்தான்.

"அம்மா, கையெழுத்து போட்டீங்களா?"

"போட்டேன்டா."

"அனுப்பிட்டீங்களா?"

"அனுப்பியாச்சு."

"அப்ப சரி. இனிமே பேஜார் இல்ல" என்றான். குரலை உற்சாகமாக வைத்துக்கொள்ள அவன் பாடுபடுவது எனக்குத் தெரிந்தது. "நிவிக்காவுக்குக் கண்டிப்பா கெடைச்சிடும் பாருங்க. நான் துவா பண்றேன்."

"இன்னா எழுதினேன்னு கேக்க மாட்டியாடா?"

"அதான் தெரியுமேம்மா. நேத்தே சொன்னீங்களே."

"அத எழுதல. வேற எழுதினேன். படிக்கிறேன், கேளு."

செல்போனில் இருந்த படத்தைப் பெரிதாக்கி, ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொல்லி முடித்தேன். அந்தப் பக்கம் தெருவில் ஆட்டோ ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டு போனது கேட்டது, அதனால் இணைப்பு துண்டாகவில்லை என்று தெரிந்துகொண்டேன்.

"அர்ஷத்? இருக்கியாடா?"

"இருக்கேம்மா" என்றான். மூக்கை உறிஞ்சிக்கொண்டான். "இன்னொரு வாட்டி படிங்க."